பழைய பிளேட்டைக் கழற்றிப் புதிய காரில் மாட்டலாமா?

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கத்து நகரம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. ஆளையோ ஊரையோ காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

லண்டனில் பதினோரு வருடம் மினிகாப் ஓட்டியவர். வாடகை கட்டி மாளாமல் மூன்று வருடத்துக்கு முன் குடும்பத்தோடு அங்கே குடிபோய், உள்ளூர் கவுன்சிலில் டிரைவர் பாட்ஜ் (வாடகைக் கார் ஓட்டும் லைசென்ஸ்) எடுத்து, தன் பிரியஸ் காருக்கும் அங்கேயே பிளேட் (வாடகை வண்டி என்று காட்டும் லைசென்ஸ் தகடு) வாங்கினார். அந்தக் காருக்கு இப்போது பத்து வயது முடிகிறது. பத்து வயதுக்கு மேல் புதுப்பிப்பதில்லை என்பது கவுன்சிலின் கொள்கை. பிளேட் இந்த மாதக் கடைசியோடு காலாவதி. அதனால் நாலு வயதான எஸ்டேட் கார் ஒன்றை ஹயர் பர்ச்சேஸில் எடுத்திருக்கிறார். மாதத் தவணை 318 பவுண்டு. விளம்பரத்தில் ‘பிசிஓ ரெடி’, அதாவது வாடகைக்கு ஓட்டத் தயார், என்று போட்டிருந்ததாம். கவுன்சில் கராஜில் சோதனைக்கு விட்டபோது, பரிசோதகர் பின்கதவுக் கண்ணாடியின் இரு பக்கமும் ஒரு சின்ன மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி 22 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடுகிறது என்று எழுதியிருக்கிறார். கவுன்சில் கேட்பது 70. ஒன்பது நாளைக்கு முன் மின்னஞ்சலில் மறுப்பு வந்துவிட்டது. கண்ணாடிகளை மாற்ற 940 பவுண்டு ஆகுமாம்.

அவர் முக்கியமாகக் கேட்பது மூன்று. கோர்ட்டுக்குப் போய்ப் பிளேட்டையும் நட்டத்தையும் வாங்க முடியுமா? மச்சான் சொல்வதுபோல், லேசாகக் கொடுக்கும் இன்னொரு கவுன்சிலில் பிளேட் எடுத்து இங்கேயே ஓட்டலாமா? அதுவரை, பிரியஸில் இருக்கும் பிளேட்டைக் கழற்றிப் புதிய காரில் மாட்டி ஓட்டினால் என்ன, ‘இரண்டுக்கும் நான்தானே ஓனர்’?

இதற்கு நடுவே இரண்டு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறார். சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் தூங்கும்போது மனைவி பிரியஸில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார். இரண்டு வாரத்துக்கு முன் சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் யாரோ இடித்துப் பின் பம்பர் ஒரு மூலையில் வெடித்திருக்கிறது. ‘பெரிய சேதம் இல்லை.’

அன்புள்ள சகோதரருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டும் பணப் பிரச்சினை. இது பிழைப்புக்கே உலை வைக்கும் விஷயம். நான் சொல்வதெல்லாம் லண்டனுக்கு வெளியே, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்குப் பொருந்தும் 1976-ஆம் ஆண்டு வாடகை வண்டிச் சட்டத்தின்படி. லண்டனுக்குத் தனியாக 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீங்கள் பதினோரு வருடம் அதற்குள்ளேயே இருந்ததால் சில பழக்கங்கள் கூடவே வந்திருக்கின்றன.

பிளேட் காருக்கு, ஓனருக்கு அல்ல

கவுன்சில் லைசென்ஸ் கொடுப்பது அந்தப் பதிவு எண் உள்ள அந்த ஒரு வண்டிக்கு. அதைச் சோதித்து, அதன் இன்சூரன்ஸைப் பார்த்து, அதற்குத்தான் பிளேட் தருகிறார்கள். வேறு வண்டியில் மாட்டினால் அது லைசென்ஸ் இல்லாத வண்டி, மேலே ஒரு பொய்ப் பிளேட்டோடு. அந்த வண்டியில் சவாரி ஏற்றினால் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு டிரைவிங் லைசென்ஸில் 6 முதல் 8 தண்டனைப் புள்ளி. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தெரிந்தே பிளேட்டை மாற்றியதை நேர்மையின்மையாகப் பார்ப்பார்கள். 2020-இல் அரசு வெளியிட்ட டாக்சி நெறிமுறைகளில், நேர்மையின்மைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்குத் தண்டனை முடிந்து ஏழு வருடமாவது ஆகாமல் டிரைவர் லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது.

இன்னொன்று. ஒரு கவுன்சிலில் மறுத்தால் எல்லாக் கவுன்சிலுக்கும் தெரிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். டிரைவர்களைப் பற்றிய தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக் காரணங்களுக்காக டிரைவர் லைசென்ஸ் மறுக்கப்பட்டால், நிறுத்தப்பட்டால், ரத்தானால் இங்கிலாந்துக் கவுன்சில்கள் அதில் பதிந்தாக வேண்டும். புதிதாக யாராவது விண்ணப்பித்தால் அதைப் பார்த்தாக வேண்டும். 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஆனால் அது ஆளைப் பற்றியது, வண்டியைப் பற்றியது அல்ல. கண்ணாடி கறுப்பு என்று ஒரு கார் மறுக்கப்பட்டது அதில் ஏறாது. பிளேட்டை மாற்றி மாட்டிப் பிடிபட்டு பாட்ஜ் போனால், அது ஏறிவிடக்கூடும். இப்போது உங்கள் பெயர் சுத்தமாக இருக்கிறது. அதை ஒரு நான்கு ஸ்க்ரூவுக்காகக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமைக் காலையும் பம்பர் வெடிப்பும்

நீங்கள் கேட்காத இரண்டுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கவுன்சிலுக்கு எதையும் எழுதுவதற்கு முன் இவை சரியாக வேண்டும்.

சவாரி இல்லாதபோது அது குடும்பக் கார்தானே என்று நினைக்கிறீர்கள். லண்டனில் அது சரி. அங்கே சட்டம் பார்ப்பது வண்டி வாடகைக்குப் பயன்படுகிறதா என்பதை. லண்டனுக்கு வெளியே அப்படி இல்லை. 1997-இல் பென்சன் எதிர் பாய்ஸ் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது இதுதான்: பிளேட் வாங்கிய வண்டி, பிளேட் உள்ளவரை எந்நேரமும் வாடகை வண்டியே. அதை ஓட்டுகிறவரிடம் கவுன்சில் பாட்ஜ் இருக்க வேண்டும், கடைக்குப் பால் வாங்கப் போனாலும்கூட. ஆக, உங்கள் மனைவி சனிக்கிழமைதோறும் தெரியாமல் ஒரு குற்றம் செய்கிறார். 1,000 பவுண்டு வரை அபராதம் விழலாம். உங்கள் இன்சூரன்ஸிலும் பாட்ஜ் உள்ள டிரைவர் மட்டும் என்று இருந்தால் அது இன்னும் மோசம். இந்தத் தவறை நம் ஆட்கள் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எண்ணினால் தலை சுற்றும். லண்டனிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பிரியஸின் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்து, இன்சூரன்ஸையும் மாற்றிய பிறகு அவர் தாராளமாக ஓட்டலாம்.

பம்பர் விஷயத்தில், சேதம் பெரிதா சிறிதா என்பது மட்டும் கணக்கு அல்ல. வண்டியின் பாதுகாப்பையோ ஓட்டத்தையோ தோற்றத்தையோ பயணிகளின் வசதியையோ குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கும் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். வெடித்த பம்பர் தோற்றத்தில் வரும். இரண்டு வாரம் கடந்துவிட்டது, சரி. இன்றே இரண்டு படம் எடுத்து, நடந்த தேதியோடு, தாமதத்துக்கு வருத்தம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடுங்கள். நீங்களாகச் சொன்னால் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையோடு போகும். அவர்கள் கண்டுபிடித்தால், நீங்கள் அடுத்துக் கேட்கப்போகும் சலுகைக்கு அதுவே எமன்.

கண்ணாடி: சட்டம் எங்கே, கொள்கை எங்கே

‘கம்பெனியில் போட்டு வந்த கண்ணாடி, எம்ஓடி (வருடாந்தர வண்டிச் சோதனை) பாஸ், பிறகு எப்படி மறுக்க முடியும்?’ என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். சாலைச் சட்டம் முன்கண்ணாடிக்கு 75 சதவீதமும் முன்கதவுக் கண்ணாடிகளுக்கு 70 சதவீதமும் வெளிச்சம் கேட்கிறது. பின்பக்கத்துக்கு வரம்பே இல்லை. ஆகவே உங்கள் கார் சாதாரணக் காராகச் சட்டப்படி சரியானதுதான். ஆனால் வாடகை வண்டிக்கான கேள்வி வேறு. வண்டி வகையிலும் அளவிலும் வடிவமைப்பிலும் பொருத்தமானதா, பாதுகாப்பானதா, வசதியானதா என்று கவுன்சில் திருப்தியடைய வேண்டும். அதற்குத் தேவையான நிபந்தனைகளையும் போடலாம். தனியாக ஏறும் ஒரு பெண்ணோ குழந்தையோ பின்சீட்டில் இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்பதே கறுப்புக் கண்ணாடியை மறுக்க அவர்கள் சொல்லும் காரணம். அதை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது.

அரசு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை யாரோ உங்களுக்கு அனுப்பி, ‘கறுப்புக் கண்ணாடிக்காக மறுக்கவே கூடாது’ என்று சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. பின்பக்கக் கண்ணாடி 30 சதவீதமாவது வெளிச்சம் விட்டால் அதைக் கழற்றச் சொல்ல வேண்டாம் என்பதே அதன் பரிந்துரை. உங்கள் மீட்டர் சொன்னது 22. முப்பத்தொன்று என்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். மேலும் அது வழிகாட்டுதல்தான். கவுன்சில் அதைக் கருத்தில் எடுக்க வேண்டும், அப்படியே பின்பற்றியாக வேண்டும் என்பதில்லை.

அப்பீல் உரிமை உங்களுக்கு உண்டு. மறுப்பு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட வேண்டும். ஒன்பது போய்விட்டது, மிச்சம் பன்னிரண்டு. முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தாலும் மேலாளரோடு மின்னஞ்சலில் கதைத்துக்கொண்டிருந்தாலும் இந்தக் கணக்கு நிற்காது. கோர்ட்டில் கவுன்சிலின் முடிவு தவறு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. மாஜிஸ்திரேட் கவுன்சிலின் கொள்கையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொடங்க மாட்டார். அந்தக் கொள்கையிலிருந்து உங்கள் காருக்கு ஏன் விலக்கு என்றுதான் கேட்பார். நட்டஈடு? இந்த அப்பீலில் அது கிடையாது. வென்றால் பிளேட் கிடைக்கும், அவ்வளவுதான். வென்றாலும் உங்கள் வக்கீல் செலவு திரும்ப வராமல் போகலாம்: 2000-இல் பிராட்போர்ட் எதிர் பூத் வழக்குக்குப் பிறகு, நியாயமாகவும் நல்லெண்ணத்தோடும் நடந்துகொண்ட கவுன்சிலைச் செலவு கட்டச் சொல்வது அரிது. தோற்றால் அவர்கள் செலவையும் உங்களிடம் கேட்பார்கள்.

என் தொழிலில் இருப்பவன் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன்: 940 பவுண்டுக்குக் கண்ணாடியை மாற்றுவது என்னைப் போன்ற ஒருவரை அரை நாள் கோர்ட்டில் நிறுத்துவதைவிட மலிவு. ஆனால் மாற்றுமுன் மூன்று இடத்தில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஹயர் பர்ச்சேஸ் முடியும்வரை கார் நிதி நிறுவனத்துடையது, அவர்களைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டும். கவுன்சிலிடம் ‘இந்த நான்கு கண்ணாடிகளை மாற்றினால் போதுமா, பின்புறப் பெரிய கண்ணாடியும் வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். பின்புறக் கண்ணாடியை விட்டுவிடும் கொள்கைகளும் உண்டு. அப்படியானால் 940 குறையலாம்.

பிரியஸை இன்னும் கைவிட வேண்டாம்

உங்கள் கடிதத்தில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று. பிரியஸைப் புதுப்பிக்க நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. பத்து வயது என்பதால் முடிந்தது என்று நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள்.

வயது வரம்பு என்பது சட்டத்தில் இல்லை. அது கவுன்சிலின் கொள்கை. கொள்கை வைத்திருக்கலாம், ஆனால் எந்தக் காரணம் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு மறுக்கக் கூடாது. விதிவிலக்குக் கேட்டால் பரிசீலிக்க வேண்டும். மேலே சொன்ன அதே 2023 வழிகாட்டுதல், வயது வரம்பே வைக்க வேண்டாம், புகை, பாதுகாப்பு என்று நேரடியாகத் தேவையானதைக் கேளுங்கள் என்கிறது. கண்ணாடியில் உங்களுக்கு உதவாத வழிகாட்டுதல் இங்கே உதவுகிறது.

ஆகவே பிளேட் காலாவதியாகும் முன், ஒரு நாள்கூடப் பிந்தாமல், புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். இணையப் படிவம் பத்து வயதுக் காரை ஏற்காமல் சிவப்பாகக் காட்டினால் அதைப் படம் பிடித்து, விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பி, கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று கேளுங்கள். ஒரு வருடம் கேட்காதீர்கள்; புதிய கார் தயாராகும்வரை மூன்று அல்லது ஆறு மாதம் கேளுங்கள். பம்பரைச் சரிசெய்த ரசீது, சர்வீஸ் புத்தகம், கடந்த மூன்று எம்ஓடி தாள்கள், ஹைபிரிட் என்பதற்கான ஆதாரம், புதிய காருக்குக் கண்ணாடி முன்பதிவு செய்த தேதி, இவற்றை வையுங்கள். ‘இரண்டு பிள்ளைகள், தவணை கட்ட முடியவில்லை’ என்பதை ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு மனம் இரங்கலாம், ஆனால் கார் பொருத்தமானதா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. அதிகாரி மறுத்தால் லைசென்சிங் துணைக்குழுவுக்கு அனுப்பும்படி கேட்கலாமா என்று அவர்கள் கொள்கையில் பாருங்கள்.

புதுப்பிக்க மறுத்தால் அதற்கும் 21 நாள் அப்பீல் உண்டு. அப்போது 1976 சட்டத்தின் 77-ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்கும்: அதுவரை சட்டப்படி செய்துவந்த தொழிலை, அப்பீல் காலம் முடியும்வரையோ அப்பீல் தீரும்வரையோ தொடரலாம். புதிய காருக்கு இது பொருந்தாது, அதற்கு லைசென்ஸே இருந்ததில்லை. நடைமுறைச் சிக்கல் ஒன்று: பிளேட் தேதி முடிந்ததும் உங்களுக்குச் சவாரி தரும் ஆப் கம்பெனியின் கணினி உங்களைத் தானாக நிறுத்திவிடும், இன்சூரன்ஸ்காரரும் முகம் சுளிப்பார். அவர்களிடமிருந்து எழுத்தில் சம்மதம் வராமல் 77-ஐ நம்பி ஒரு சவாரிகூட ஏற்றாதீர்கள். வெறுமனே நாள் கடத்தவே அப்பீல் போடுவதும் செலவில் போய் முடியும்.

இதற்கிடையில் உங்கள் கவுன்சிலின் பிளேட் உள்ள வாடகைக் கார் வாரம் 260 பவுண்டுக்குக் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலிக்கும். ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு அதுதான் சுத்தமான வழி.

மச்சான் சொன்ன வழி

இதில் உங்கள் மச்சான் சொல்வது சட்டவிரோதம் இல்லை. அவர் நினைப்பதுபோல் லேசானதும் இல்லை. வாடகைக் கார் தொழிலில் டிரைவர், வண்டி, ஆபரேட்டர் (முன்பதிவு எடுக்கும் நிறுவனம்) மூன்று லைசென்ஸும் ஒரே கவுன்சிலுடையதாக இருக்க வேண்டும். காருக்கு மட்டும் இன்னொரு கவுன்சில் பிளேட்டை வாங்கி, உங்கள் இப்போதைய பாட்ஜோடு ஓட்டினால் அது குற்றம். அங்கே புதிதாக டிரைவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும்: டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை), மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, கட்டணம் எல்லாம் முதலிலிருந்து. பெரிய ஆப் கம்பெனிகளுக்குப் பல கவுன்சில்களில் ஆபரேட்டர் லைசென்ஸ் இருப்பதால் மூன்றாவது பெரிய பிரச்சினை ஆகாது. மூன்றும் சேர்ந்துவிட்டால் எந்த ஊரிலும் முன்பதிவுச் சவாரி ஓட்டலாம். ‘நீ எங்கள் ஊரில்தான் பெரும்பாலும் ஓட்ட வேண்டும்’ என்ற நிபந்தனையை வாடகைக் கார் டிரைவர் லைசென்ஸுக்கு வைக்க முடியாது என்று 2018-இல் நோஸ்லி கவுன்சில் வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் காற்று மாறிவருகிறது. குழந்தைகள் மீதான குழுப் பாலியல் சுரண்டலைப் பற்றி 2025 ஜூனில் வெளிவந்த பரோனஸ் லூயிஸ் கேசியின் அறிக்கை, வெளியூர் லைசென்ஸில் ஓட்டுவதை நிறுத்தும்படி பரிந்துரைத்தது. அரசும் பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டது. கண்ணாடி மாற்றும் செலவைத் தவிர்க்க நாலு மாதமும் சில நூறு பவுண்டும் செலவழித்து அந்த வழியில் போவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. அந்தக் கவுன்சிலின் கண்ணாடி விதியையாவது மச்சான் வாசித்தாரா என்று கேளுங்கள்.

‘பிசிஓ ரெடி’

உங்கள் கோபத்தைக் கவுன்சிலை விட்டு இந்தப் பக்கம் திருப்பினால் ஏதாவது தேறலாம். பிசிஓ என்பது லண்டன் பேச்சு. அங்கே முன்பு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் பெயர். அந்த அலுவலகப் பெயர் போய்ப் பல வருடம் ஆகியும் விளம்பரங்களில் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தில் லைசென்ஸ் கொடுக்கும் அமைப்புகள் இருநூற்றைம்பதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை. லண்டனுக்கு ‘ரெடி’யான கார் உங்கள் ஊருக்கு ரெடி என்று பொருளில்லை.

கேள்வி இதுதான்: வாங்கும்போது விற்பனையாளரிடம் உங்கள் கவுன்சிலின் பெயரைச் சொன்னீர்களா? வாட்ஸ்அப்பில் ‘இன்ன கவுன்சிலில் பிளேட் எடுக்கப் போகிறேன், சரிவருமா’ என்று கேட்டு அவர் ‘ஓம், பிரச்சினை இல்லை’ என்றிருந்தால் அந்த உரையாடலைப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் சட்டத்தை நம்பியிருக்கிறீர்கள். தொழிலுக்காக வாங்கியதால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் ஹயர் பர்ச்சேஸுக்கான 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில், நிதி ஏற்பாடு செய்த டீலரிடம் இன்ன தேவைக்கு என்று சொல்லி எடுத்த பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டீலர் அல்ல, நிதி நிறுவனம். உங்கள் ஒப்பந்தத்தில் இதை விலக்கும் வரி இருந்தால் அது நியாயமானதா என்று தனியாக வாதாட வேண்டியிருக்கும். எதற்கும் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, கண்ணாடிச் செலவைக் கேளுங்கள். எட்டு வாரத்தில் சரியான பதில் வராவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளைத் தீர்க்கும் நிதி ஒம்பட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். தனியாளாகச் சிறுதொழில் செய்பவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

கவுன்சிலின் பெயரைச் சொல்லவே இல்லை, விளம்பரத்தை மட்டும் நம்பினேன் என்றால் இந்த வாதம் மெலிந்துவிடும். அதை எனக்கு உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மறுப்பு மின்னஞ்சலையும் நிதி ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் கூட அனுப்புங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. பம்பர் பற்றிய கடிதம் இன்றே போகட்டும். வரும் சனிக்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கு நீங்களே கொண்டுபோய் விடுங்கள்; தூக்கத்தை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.